மேட்டு லயத்துக்கு மூன்று கட்டுரை

சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் லயம், கூலிகளின் வரிசை வீடுகள், ஆற்றோரம். மழைக்காலத்தில் ஆறு வாசலோடு நிற்காது, உள்ளே வந்து படுக்கும். மனைவி நிறைமாதம். மேட்டு லயத்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அது எனக்கு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பாலுக்கு மரம் வெட்டுகிறவன் வெள்ளைக்காரத் துரையிடம் நேரே பேசுவது வழக்கமில்லை. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிதான் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் படித்தவர். நான் மூன்றாம் வகுப்பு.

"கட்டுரை எண்டால் மூண்டு வகை. வர்ணனை, சம்பவம், வாதம். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு நோக்கம். விளங்குதோ?"

"வீடு வேணுங்கய்யா."

"அது நோக்கம். வகையைச் சொல்லு."

அவரே வர்ணனையில் தொடங்கினார். மழை, ஆறு, கரை மூங்கில் எல்லாம் வந்தன. துரைக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வந்து எங்கள் வாசலுக்கு எதிரே மீன் பிடித்தார்.

"போயிச் சொல்லுங்களேன்," என்றாள் மனைவி.

"கிராணி எழுதிக்கிட்டிருக்காரு."

அடுத்தது சம்பவம். போன வெள்ளத்தில் என் ஆட்டை ஆறு அடித்துக்கொண்டு போன கதை. துரை மனம் இளகினார். தோட்டத்தில் இனி யாரும் ஆடு வளர்க்கக் கூடாதென்று உத்தரவு வந்தது.

பிறகு வாதம். இரண்டு பக்கமும் எழுதுவதுதான் முறையாம். வீடு கொடுக்க இரண்டு காரணம், கொடுக்காமலிருக்க ஐந்து. துரை ஐந்தையும் ஒத்துக்கொண்டார்.

"நல்ல கட்டுரை எண்டு துரையே சொன்னவர்," என்றார் கிராணி. அவருக்கு அன்று ரொம்ப சந்தோஷம்.

ஆறு எங்கள் படியைத் தொட்டது. மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் வரிசையை விட்டுத் துரை முன்னே போனேன். கங்காணி கையைப் பிடித்தார்.

"டேய், எங்க போறே?"

உதறினேன்.

"தொரை, வீட்டுக்குள்ள தண்ணி வரப்போவுது. பொண்டாட்டிக்கு இந்த மாசம். மேட்டுல ஒரு வீடு சும்மா கெடக்கு."

துரைக்குத் தமிழ் தெரியும். தினமும் எங்களைத் தமிழில்தான் வைவார். அது மூன்று கட்டுரை வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. படித்தவருக்கும் உறைக்கவில்லை.

"முன்னாலே ஏன் சொல்லலே?" என்றார் துரை. சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

கிராணி என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். "இது ஒரு வகையிலயும் சேராது," என்றார்.

அன்றைக்கே பாய், சட்டி, அவள் பெட்டி எல்லாவற்றையும் மேட்டுக்கு ஏற்றினேன். நாலாம் நாள் மகள் பிறந்தாள். தரை காய்ந்திருந்தது.