உப்பின் மேல் நிற்கும் தண்ணீர்

எங்கள் நிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு மணல்மேடு இருக்கிறது. அதன் அந்தப் பக்கம் இறங்கினால் கடல். இந்தப் பக்கம் அடிவாரத்தில் மணலைத் தோண்டினால் ஊறிவரும் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். பிறந்ததிலிருந்து அதைக் குடிக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும், ஆண்டவரே இது எப்படி என்று மனம் கொஞ்சம் நின்றுவிடும்.

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் எங்கள் வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம் நடக்கும். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. அதற்கான சோறு இந்த ஊற்றுத் தண்ணீரில்தான் வேகவேண்டும். காற்று அள்ளிவரும் மணல் ஒரு வருஷத்துக்குள் குழியை மூடிவிடும் என்பதால், அசனத்துக்கு முந்தின நாள் புதிதாகத் தோண்டுவோம். நிலம் எனக்கும் என் அண்ணனுக்கும் பொது. அண்ணன் குழிக்குள் நின்று தோண்டுவார், நான் மேலே நின்று மணற்கூடையை வாங்கிக் கொட்டுவேன். தண்ணீர் கண்ணில் பட்டதும் மண்வெட்டியை வெளியே போட்டுவிட வேண்டும். அதற்குக் கீழே ஒரு கொத்துக்கூடக் கூடாது. அதுதான் முறை. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு கம்பெனி நிலம் கேட்டு வந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களை அடுக்கி வைக்க யார்டு போடுவார்களாம். ரோட்டோர நிலத்தோடு மேட்டையும் சேர்த்துக் கேட்டார்கள். மேட்டை வெட்டி, அந்த மணலாலேயே பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கும் திட்டம். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று பாதி ஊர் சொன்னது. மேடு போனால் புயலுக்கு முன்னால் எது நிற்கும் என்று மீதி ஊர் கேட்டது. ஆராதனை முடிந்தால் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போனோம்.

அண்ணன் விற்கிற பக்கம். அவர் மகன் வளைகுடாவில் வேலை போய் வீட்டில் இருக்கிறான். யார்டில் அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணனின் கவலை பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. மதினியும் என் மனைவியும் மட்டும் வேலியோரம் பேசிக்கொள்வார்கள்.

"ஏளா, எங் கொழுந்தனாருக்கு மணலு மேல அப்பிடி என்ன ஆசை? அள்ளித் திங்கவா போறாரு?" என்பார் மதினி.

"ஒங்க வீட்டுக்காரரு வித்துத் திங்கணும்ங்காரு. ரெண்டும் திங்கிறதுதானக்கா" என்பாள் என் மனைவி. இருவரும் சிரித்துக்கொள்வார்கள். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்த வருஷம் ஊற்று தோண்ட அவரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. முந்தின நாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு போனால், மேட்டடியில் ஜேசிபி நிற்கிறது. இரண்டு பக்கத்து ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"கூடைய வாங்க ஆளு இல்லன்னா ஊத்துத் தோண்ட முடியாதோ?" என்று அண்ணன் அவர்களைப் பார்த்துச் சொன்னார். அது எனக்குத்தான்.

டீ குடித்து முடிக்கிற நேரத்தில் ஒரு அறை அளவுக்குப் பள்ளம் விழுந்தது. தண்ணீர் தெரிந்த பிறகும் ஜேசிபி நிற்காமல் தோண்ட, குபுகுபுவென்று வந்தது. அண்ணன் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். துப்பவில்லை, விழுங்கிவிட்டார். பிறகு நம்பாதவர்போல இன்னொரு வாய் குடித்தார்.

மேலேயிருந்து ஒருவர் சொன்னார்: "என்ன அண்ணாச்சி, மொகம் ஒரு மாதிரி போவுது? சோத்துக்கு உப்பு வாங்காண்டாமா?"

ஜேசிபி ஓட்டி வந்தவர் எட்டயபுரம் பக்கத்துக்காரர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கடலு அந்தா கெடக்கு. உப்புத் தண்ணி வராம வேற என்ன வரும்?" என்று கேட்டார்.

எங்களுக்கு உப்பு வந்தது அதிசயம். அவருக்கு இத்தனை காலம் நல்ல தண்ணீர் வந்தது அதிசயம். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதுதான் சரி.

பள்ளத்தை மூடச் சொல்லிவிட்டு அண்ணன் சட்டையைக் கழற்றினார். மண்வெட்டியோடு மேட்டடியிலேயே வடக்கே கொஞ்ச தூரம் நடந்து, தனியாகத் தோண்ட ஆரம்பித்தார். இடுப்பளவு ஆழம் போனதும் கூடையை நிரப்பித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் போய் வாங்கிக் கொட்டினேன்.

"ஏலே, தண்ணி தெரிஞ்சா சொல்லு. எனக்கு இப்பம் கண்ணு சரியாத் தெரியல" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

வெயில் உச்சிக்கு வரும்போது அடியில் மணல் கறுத்தது. "போதும்ண்ணே" என்றேன். மண்வெட்டி வெளியே வந்து விழுந்தது. இருவரும் அசையாமல் இருந்தோம். சுற்றிலும் மணலிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்து, அவர் கணுக்கால்வரை ஏறி நின்றது. அதன் அடியில் ஒவ்வொரு மணல்மணியும் தெரிந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் அலைச்சத்தம் ஓயாமல் கேட்டது. அண்ணன் ஒரு செம்பு மொண்டு முதலில் எனக்குத் தந்தார். அதே இனிப்பு. கோயிலில் எத்தனையோ தடவை முழங்கால் போட்டிருக்கிறேன். யாரும் சொல்லாமல் முழங்கால் போட்டது அன்றைக்குத்தான்.

"இந்த மேடு குடிச்ச மழைதாம்ல இது. கீழ பூரா உப்பு. அதுக்கு மேல பாலாடை மாதிரி நிக்குது" என்றார் அண்ணன். "நாம இது மேலதான் இத்தன நாளும் மிதிச்சிக்கிட்டுத் திரிஞ்சிருக்கோம்."

மறுநாள் அசனம் நடந்தது. பந்தலில் அந்தப் பக்கம் சிலபேர், இந்தப் பக்கம் சிலபேர் என்று தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். சோறு மட்டும் ஒரே சோறு. சாயந்தரம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ரோட்டோரத்துல உள்ளதக் குடுப்போம். மேடும் மேட்டடியும் வேண்டாம். அவங்க ஒத்துக்கிட்டா பயலுக்கு வேல கெடைக்கும். ஒத்துக்கலன்னா..." என்று இழுத்தார். அப்படியென்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

கம்பெனிக்காரர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. ரோட்டோரம் பூராவும் சிமெண்டுத் தளம் வந்தால் ஊற்று அதைத் தாங்குமா என்றும் எனக்குத் தெரியாது. காலை ஜெபத்தில் மேடு நிற்கவேண்டும் என்று கேட்கிறேன். அண்ணன் மகனுக்கு அந்த வேலை கிடைக்கவேண்டும் என்றும் கேட்கிறேன். இரண்டையும் ஒரே வாயால் கேட்பது சரிதானா என்று சில நாள் கூச்சமாக இருக்கும். ஆனால் உப்பின் மேல் நல்ல தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறவரிடம்தானே கேட்கிறேன்.