கோணல் அலுமாரியும் தேவராசா அண்ணனும்

ஓட்டமாவடியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது தேவராசா அண்ணனின் மகள் சுமதியின் அழைப்பு வந்தது. "மாமா, அப்பா மோசம் போயிட்டார். தேத்தண்ணி கேட்டவர். ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ள..." வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. மூன்றாவதில் யாரோ கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். தபாலகத்தில் பதினெட்டு வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் நான். அவருடைய நேர்மையைப் பற்றியும் நேரந்தவறாமையைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். நேரந்தவறாமை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். நான் எழுத நினைப்பது அவர் கையால் செய்த சாமான்களைப் பற்றி. அவற்றில் ஒன்றுகூட நேராக நின்றதில்லை என்பது அவரை அறிந்த உங்களுக்கும் தெரியும்.

பார்சல் கட்டி மிஞ்சிய கயிற்றைப் பின்னிக் கோப்பைக்கு அடியில் வைக்கத் தட்டுச் செய்வார். பழைய சைக்கிள் கம்பியை வளைத்துச் சாவி மாட்டக் கொளுவி செய்வார். ஒருமுறை முத்திரை நனைக்கச் சிரட்டையில் கிண்ணம் செய்து என் மேசையில் வைத்தார். அது ஆடிக் கவிழ்ந்து அன்றைய கடிதங்கள் எல்லாம் நனைந்தன. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். "நேரா வேணுமெண்டா கடையில வாங்கலாம் மனே. இது நான் செஞ்சது" என்று சிரித்தார். வேலை செய்யும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, உலகத்தையே மறந்துபோய் இருப்பார். பதவி உயர்வு வந்த நாளில்கூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை நான் கண்டதில்லை.

எங்கள் பகுதியில் வீடு மகளுக்குத்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மகள் கலியாணம் முடித்ததும் தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிவிடுவார்கள். சுமதிக்குக் கலியாணம் பேசி முடித்த அதே மாதம் சுனாமியாய்க் கடல் வந்தது. குடும்பத்தோடு வவுணதீவில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போயிருந்ததால் மூவரும் தப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது மகளுக்குக் கொடுக்க இருந்த வீட்டில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். ஒன்றும் கேட்கவில்லை, காத்திருக்கிறோம் என்றார்கள். அதுதான் அண்ணனை இன்னும் வாட்டியது. ஒன்றரை வருடத்தில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. சுவரில் தங்கள் பெயர்ப் பலகையையும் பதித்தார்கள். சாவியை வாங்கி வந்த அன்று அவர் என்னிடம் சொன்னார்: "சுவர் ஆரோ தந்தது. உள்ளுக்க இரிக்கிறதாவது நான் குடுத்ததா இரிக்கோணும். இல்லாட்டி நான் என்ன தகப்பன்?"

கட்டில், அலுமாரி எல்லாம் தானே செய்யப் போகிறாராம். அவர் செய்யும் கட்டிலில் மாப்பிள்ளை படுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். கடனுக்காவது கடையில் வாங்குவோம் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. உடைந்த தோணிகளின் பலகைகளை, உடையவர்களைத் தேடிப்போய்க் கேட்டு வாங்கினார். சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது இராணுவக் காவலரண்களில் மறிப்பார்கள். அலுமாரி செய்யத்தான் என்று சிங்களம் தெரியாமல் கையால் கதவு திறந்து மூடிக் காட்டுவாராம். சுமதியும் பழைய சேலைகளைக் கிழித்துக் கால்மிதி பின்னினாள். சாயங்காலங்களில், முகாமில் அவர்கள் இன்னும் தங்கியிருந்த தகரக் கொட்டிலில் தகப்பனும் மகளும் சிரித்தது போல அந்த முகாமில் வேறு எவரும் சிரிக்கவில்லை.

அலுமாரி முடிந்தது. கலியாணத்துக்கு நாலு நாள் இருந்தது. தூக்கிக்கொண்டு போக நாங்கள் ஐந்து பேர் போனோம். அது கொட்டில் வாசலால் வரவில்லை. நிமிர்த்தினோம், சரித்தோம், கதவைக் கழற்றினோம். ம்ஹூம். அளவுநாடாவைக் கடல் கொண்டுபோனதால் சாணால் அளந்திருக்கிறார்கள். வாசலை அளந்தது அண்ணனின் மனைவி பூமணி அக்காவின் சின்னச் சாண். அலுமாரியை அளந்தது அண்ணனின் பெரிய சாண். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

கடைசியில் கொட்டிலின் ஒரு பக்கத் தகரம் முழுவதையும் கழற்றினோம். மழை தூறியது. "மகளுக்கு வீடு குடுக்கப் போய், நாம இரிக்கிற கொட்டிலையும் புடுங்கிற மனிசன்!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நிமிடம் அவரே சிரிக்கத் தொடங்கினார். நல்லவேளை, புது வீட்டின் கதவுநிலை அகலம். அலுமாரி உள்ளே போய் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து நின்றது. கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். மூடிப் பார்த்தார். மூடவில்லை. "கதவு கொஞ்சம் பிடிவாதம்" என்று மட்டும் சொன்னார்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் அந்த நிறுவனத்திலிருந்து இரண்டு வெளிநாட்டவர்கள், தாங்கள் கொடுத்த வீடுகளைப் பார்க்க வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அண்ணன் முற்றத்தில் ஒரு ஸ்டூலின் காலை அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சுமதியைப் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். கூட வந்த தம்பி அவர்கள் கேட்டதைத் தமிழில் கேட்டார்: "இந்த வீடு ஆர் தந்தது, தங்கச்சி?"

"அப்பா" என்றாள் சுமதி.

அந்தத் தம்பி பதறிப்போய் அண்ணனின் ஸ்டூலைப் பார்த்தார். "உள்ளுக்க இரிக்கிற சாமான் இல்ல. இந்த வீடு. சுவர், கூரை, எல்லாம்."

"ஓம், வீட்டைத்தான் சொல்றன். எங்கட அப்பா தந்தது."

அவர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை. காது கேளாதவர் மாதிரி அதே காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் படம் எடுத்து, தேநீர் குடித்து, வாகனம் ஏறிப் போன பிறகும் தேய்த்தார். கண்ணிலிருந்து விழுந்ததைத் துடைக்கவும் இல்லை. ஸ்டூலை நிமிர்த்தி வைத்தபோது அந்தக் கால் மற்ற மூன்றையும்விட ஒரு விரற்கடை கட்டையாகியிருந்தது.

அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆடுகிறது. காலுக்கு அடியில் கடதாசி மடித்து வைக்கச் சொல்கிறாள் என் மனைவி. நான் வைக்கமாட்டேன்.