ஒரே பெயரில் இருவர்

ஐந்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கு டீச்சர் எனக்கு நாலு மதிப்பெண் அதிகமாகக் கூட்டிப் போட்டிருந்தார். நானே தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். முதல் ரேங்க் கைவிட்டுப் போனது. "ஒன்னய யாருடி போயிச் சொல்லச் சொன்னா?" என்று அம்மா கேட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தும்மலை அடக்க முடியாதது போல.

வளர்ந்த பிறகு அடக்கப் பழகிக்கொண்டேன்.

உத்தமபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். அதே சாலையில் இன்னும் மூன்று நிலையங்கள் உண்டு. எந்த டாக்டர் யாரிடம் ஆள் அனுப்புகிறார் என்பதிலேயே எல்லோருக்கும் கண். எங்கள் முதலாளி கம்பத்தில் ஒரு கிளை திறக்க இருந்தார். அதன் பொறுப்பு எனக்கா, என்னோடு வேலை செய்த இன்னொரு பெண்ணுக்கா என்று முடிவாகாத நேரம். நாங்கள் இருவரும் சிரித்துப் பேசுவோம், ஆனால் தவறுகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள மாட்டோம்.

அன்று காலை ஒரே பெயரில் இரண்டு பெண்கள் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி ராயப்பன்பட்டியிலிருந்து மாமியாரோடு வந்த கர்ப்பிணி. இன்னொருவர் கோம்பைப் பக்கம் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவர், தலைசுற்றல் என்று வந்தவர். மதியம் குழாய்களை ஃப்ரிட்ஜில் அடுக்கும்போது ஒன்றில் ரத்தம் வெளிறித் தெரிந்தது. லேபிளைப் பார்த்தேன். தோட்டத்து அக்காவுடையது. அவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்து அனுப்பியிருந்தேன். ரத்தம் மிகக் குறைவு என்ற ரிப்போர்ட் கர்ப்பிணியின் கைக்குப் போயிருந்தது. கம்ப்யூட்டரில் இருவரையும் மாற்றிப் பதிந்தது என் கைதான்.

முதலாளியிடம் சொன்னேன். "மிஷின்ல கோளாறுன்னு சொல்லி ரெண்டு பேரையும் திரும்ப வரச் சொல்லும்மா. டாக்டருகிட்டயும் அதையே சொல்லிருவோம். யாருக்கும் நட்டமில்ல" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. நிம்மதியாகக்கூட இருந்தது.

தோட்டத்து அக்காவுக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன்.

"மிஷின்தானே தாயி? நாளைக்குப் பழம் வெட்டு இருக்கு. அடுத்த வாரம் வாரேன். அதான் ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாகளே" என்றார்.

பொய் அவ்வளவு லேசாக இருந்ததால் அவரும் லேசாக எடுத்துக்கொண்டார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மிஷின் இல்லக்கா. நாந்தான் ஒங்க ரிப்போர்ட்ட இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்துட்டேன். ஒங்க ஒடம்புல ரத்தம் ரொம்பக் கொறைவா இருக்கு. வேலைக்குப் போகாதீக. இப்பவே கெளம்பி வாங்க."

"மகன வண்டி எடுக்கச் சொல்றேன்" என்றார். மாலைக்குள் வந்துவிட்டார். தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள்.

ராயப்பன்பட்டிக் குடும்பத்திடம் மிஷின் என்றே சொல்லியிருக்கலாம். அங்கே அந்தப் பொய்யால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் ஒரு வாயால் இரண்டு விதமாகச் சொல்ல வரவில்லை. போனில் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் நேரிலேயே வந்தார்கள். அந்தப் பெண் அழுது முகம் வீங்கியிருந்தாள். அவளுடைய மாமியார் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். "காலையிலருந்து இவ ஒரு வாய் சோறு திங்கல. புள்ளைக்கு என்னமோ ஏதோன்னு கெடக்கா. நீ பாட்டுக்கு மாறிப்போச்சுங்குற." நான் நின்று கேட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு அன்று அப்படி ஒன்றும் ஆகவில்லை.

விஷயம் தெரிந்ததும், இருவரையும் அனுப்பிய டாக்டர் சில வாரங்கள் எங்களிடம் ஆள் அனுப்பவில்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை, கம்பத்தைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். கிளைப் பொறுப்பு என்னோடு வேலை செய்த பெண்ணுக்குப் போனது. அவள் விடைபெற வந்தபோது நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இரண்டுமே உண்மைதான்.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம் கம்பத்திலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒருத்தருக்குத் தப்பான ரிப்போர்ட்டக் குடுத்துட்டேன். இப்பத்தான் பாத்தேன். ஆளு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாக. சார்கிட்ட இன்னும் சொல்லல. என்னக்கா செய்ய?"

"மொதல்ல ஆளப் பிடி" என்றேன்.

போனை அணைக்காமலே ஓடியிருக்கிறாள். அவள் மூச்சிரைப்பதும், பஸ்களின் ஹாரன் சத்தமும், "அண்ணே, அண்ணே, நில்லுங்க" என்று அவள் கூப்பிடுவதும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தன.