எல்சீராவின் கதவுச் சோதனை

உருகுவேயின் மொந்தேவீதியோவில் கூரை திறக்கும் பழைய கார் வாங்க வேண்டுமென்றால் எல்சீராவிடம்தான் வர வேண்டும். இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்லுவாள். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அவள் கொட்டகையை ஒட்டித்தான் என் உதிரிபாகக் கடை. அடக்கம் அவளுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. ஆனால் அவளிடம் வாங்கிய காரில் குறை என்று யாரும் திரும்பி வந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊரில் சாதாரணக் காரின் இரும்புக் கூரையை அறுத்துவிட்டுத் துணிக் கூரை மாட்டி, பிறவியிலேயே இப்படித்தான் என்று விற்கிற ஆட்கள் அதிகம். கூரை போனால் காரின் உடம்பு வலுவிழந்து, நடுவில் தூக்கினால் வளையும். அதனால் எல்சீரா, வாங்க வந்தவர் கண் முன்னாலேயே காரின் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கதவைச் சாத்திக் காட்டுவாள். சாத்திக்கொண்டால் அசல். இடித்தால் அறுத்த கார். "கத்தி வச்ச காரு எனக்கெதுக்கு, கறிக்கடைக்குக் கொண்டு போ" என்று எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறாள். அவள் புருஷன் வாஷிங்டன் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவன். எங்கள் ஊர் மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

தன் சொந்த ஷெவர்லேயை மட்டும் அவள் சோதித்ததில்லை. கல்யாணத்தன்று வாஷிங்டன் கொண்டுவந்து நிறுத்திய கார் அது. கல்யாணப் பரிசை யார் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள்? பிரேசிலிலிருந்து வரும் திர்செயு என்ற சேகரிப்பாளர் அதை விற்கச் சொல்லிப் பல வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். முட்டி வலியால் கிளட்ச்சை மிதிக்க முடியாமல் போனதும் எல்சீரா ஒருவழியாகச் சரி என்றாள்.

அவர் காரை எடுக்க வந்த ஞாயிற்றுக்கிழமை கார்க்காரர்கள் எல்லோரும் கொட்டகை முற்றத்தில் கூடியிருந்தார்கள்.

"உங்க காருக்குச் சோதனையெல்லாம் எதுக்குங்க? நீங்க சொன்னா போதும்" என்றார் திர்செயு.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"அவருதான் வேணாங்கறாரே, விட்டுடேன்" என்றான் வாஷிங்டன்.

"நீ சும்மா இருய்யா."

தூக்கினாள். கதவைச் சாத்தினாள். சாத்திக்கொள்ளவில்லை. இடுப்பைக் கொடுத்து நெட்டினாள், அப்போதும் இரண்டு விரல் இடைவெளி. அந்தப் பக்கம் நின்றது அவளும் நானும் மட்டும்தான். "கீல் தேஞ்சுபோச்சு போல" என்று முணுமுணுத்தேன். அவள் நினைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். என்னை முறைத்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"நல்லா கேட்டுக்கங்க. இது அறுத்த காரு. இத்தனை வருஷமா அசல்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சவ நான்."

அவள் வாஷிங்டனிடம் போனாள்.

"எந்தத் திருட்டுப்பய உன் தலையில இதக் கட்டினான்?"

"யாரும் கட்டல. நான்தான் அறுத்தேன்."

"என்னது?"

"கூரை தொறக்கற காருலதான் கல்யாணத்துக்கு வருவேன்னு நீதான அடம்புடிச்ச. ஊரெல்லாம் தேடினேன், வாங்கற மாதிரி ஒண்ணும் சிக்கல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ கறிக்கடைப் பேச்சை ஆரம்பிச்சுட்ட."

முற்றமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. காரை இறக்கிவிட்டு, முட்டி வலியோடு தரையில் படுத்து அடியில் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் இரும்புப் பட்டை கொடுத்துப் பற்றவைத்திருந்தான், ஜாக்கிக்குத் தாங்காவிட்டாலும் அத்தனை வருஷமும் ரோட்டில் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓடியது அதனால்தான். வெகு நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அறுத்த காருன்னே குடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றார் திர்செயு.

"உள்ள நாலு காரு நிக்குது, வந்து பாருங்க. அசலா எத்தனை வேணும்னாலும் தேடித் தரேன்" என்றாள். "எனக்குன்னு ஒருத்தன் அறுத்தது இது ஒண்ணுதான். இது விக்கறதுக்கில்ல."