குழாய்மேல் வைத்த கால்

தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னால் குழாய் மெல்ல ஒரு பெருமூச்சு விடும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தாராவியில் எங்கள் "கல்லி"க்கு, அதாவது சந்துக்கு, ஒரே இரும்புக் குழாய். சாயங்காலம் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் வரும். வந்ததும் அடுத்த வீட்டுச் செல்வி அக்கா மோட்டாரைப் போட்டு உறிஞ்சிவிடுவாள். அதற்குள் மோட்டார் இல்லாத நாங்கள் நாலு குடம் பிடித்தாக வேண்டும். பள்ளி விட்டதும் குழாயருகே உட்கார்ந்து, அந்த மூச்சுச் சத்தம் கேட்டால் அம்மாவைக் கூப்பிடுவதுதான் என் உத்தியோகம்.

ஆனால் நான் வாயைத் திறக்குமுன்பே அக்காவின் மோட்டார் ஓடும். "வால்வு தெறக்கவனுக்கு டீ வாங்கிக் குடுக்கா, அவன் முன்னாலயே சொல்லிருதான்" என்பாள் அம்மா. சந்தேகப்பட எனக்குச் சொல்லித்தரவே வேண்டாம். ஒரு வாரம் வேவு பார்த்தேன். அக்கா ஊர்க்கதை பேசும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைக் குழாய்மேல் வைத்திருந்தாள். மூச்சு காதுக்கு எட்டுமுன் நடுக்கம் பாதத்துக்கு எட்டிவிடுகிறது!

மறுநாள் நானும் வைத்தேன். நடுங்கியது. "தண்ணி வந்துட்டு!" என்று கத்தினேன். கல்லியே குடத்தோடு ஓடிவந்தது. ஒரு சொட்டுக்கூட இல்லை.

செல்வி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எலே, கொழா நடுங்கல. பயத்துல ஒன் காலுதாம்ல தந்தியடிக்கு."

எல்லோரும் சிரித்துக் கலைந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நடுங்கியது. இது குழாயா, நானா? முழங்காலைப் பிடித்துப் பார்த்தேன், காலை மாற்றி வைத்துப் பார்த்தேன், மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தேன். விசாரணை முடிவதற்குள் பக்கத்து வீட்டு மோட்டார் உறுமிவிட்டது. அம்மாவுக்குக் கிடைத்தது அரைக் குடம்.

"ஊரையெல்லாம் சந்தேகப்படு, சரி. சொந்தக் காலையுமால சந்தேகப்படுவ?" என்றாள்.

இப்போது ஐரோலியில் என் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர். அந்தக் கல்லி இருந்த இடத்தில் கட்டடம் நிற்கிறது. குழாய் எங்கே போனதோ. நடுக்கம் மட்டும் என் கால்சட்டைப் பைக்குக் குடிவந்துவிட்டது: போன் அதிர்கிறதே என்று எடுத்தால் யாரும் அழைத்திருப்பதில்லை. அதனால் நிஜமாகவே அதிரும்போதும் தொடையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். நேற்றும் அப்படித்தான், எடுப்பதற்குள் நின்றுவிட்டது. பதறிப்போய்த் திருப்பி அழைத்தேன்.

"என்னல," என்றாள் அம்மா, "காலப் பிடிச்சுப் பாத்துட்டியா?"