மூடிய கிணற்றுக்குப் பக்கத்தில்

மூதூருக்கு அப்பால், போராளிகளைப் புதைத்த காணியில் நிற்கிறேன். கல்லறைகளை என்றோ புல்டோசர் விட்டு மட்டமாக்கிவிட்டார்கள். இன்று நினைவுநாள். வேலிக்கு வெளியே ஒரு பொலிஸ்காரர் வருகிறவர்களையெல்லாம் போனில் படம் எடுக்கிறார்.

வெறும் மண்ணில், ஒரே இடத்தில், இரண்டு தாய்மார் ஆளுக்கொரு விளக்கு வைக்கிறார்கள்.

"ரெண்டு பிள்ளையளும் இதிலயோ அம்மா?" என்று ஒருத்தியைக் கேட்கிறேன்.

"இல்லை தம்பி, ஒருத்தன்தான். கிணத்தடியில இருந்து மூண்டாவது கல்லறை. என்ர மகன் எண்டு நான் சொல்லுறன், தன்ர மகன் எண்டு அவ சொல்லுறா. கிணத்தையும் மூடிப்போட்டாங்கள். இனி ஆரைக் கேக்கிறது?"

மழை தூறுகிறது. திரியாயிலிருந்து முதல்முறை வந்த ஒரு தாய், கையில் விளக்கோடு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறாள்.

இருவரும் சற்று விலகி அவளுக்கு இடம் விடுகிறார்கள்.