மாட்டுக்கு மருந்து இருந்தது

இதை எழுத வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தை எடுப்பதும், பிள்ளையார் சுழி போட்டு மூடி வைப்பதுமாக எத்தனையோ வருஷம் போய்விட்டது. படிப்புப் போதாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், அது உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. என் தம்பியின் மனைவி உயிரோடு இருந்தவரை எழுதத் தைரியம் வரவில்லை. போன ஆடியில் அவளும் போய்விட்டாள்.

வடகரப்பதிப் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது எங்கள் வழக்கம். மாநிலம் பிரிந்து நாங்கள் கேரளத்துக்காரர்கள் ஆன பிறகு வந்த முதல் பூசம் அது. காவடிக்காரர்கள் முன்னால் நடப்பார்கள், சாமான் வண்டி பின்னால் வரும். நாலு நாள் நடை. சமைப்பது, குளிப்பது, படுப்பது எல்லாம் தோப்பிலும் ஆற்றங்கரையிலும்தான். அந்த வருஷம் சாமான் சேர்த்து வண்டி ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது.

தம்பிக்கு முதல் காவடி. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. பனிக்காலம் வந்தால் நெஞ்சு பூட்டிக்கொள்ளும். ஊமத்தை இலையை நிழலில் காயவைத்துச் சுருட்டி, பீடி மாதிரிப் பற்றவைத்து நாலு தடவை புகையை உள்ளே வாங்கினால் இளகிவிடும். வைத்தியர் ஒருவர் சொல்லிக்கொடுத்த முறை. இந்த வியாதி ஒழிய வேண்டும் என்றுதான் அவன் காவடி நேர்ந்துகொண்டான்.

நான் மார்கழியிலேயே ஆயத்தத்தைத் தொடங்கிவிட்டேன். வேண்டியதையெல்லாம் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். தீப்பெட்டிகள் பனியில் நமுத்துப்போகாமல் தகர டப்பாவில் போட்டு மூடினேன். தரையில் விரிக்க வைக்கோல், மேலே கட்டத் தார்ப்பாய், கூடுதலாக ஒரு கடையாணி, அச்சுக்கு மை. வழியில் மாட்டுக்கு வயிறு ஊதிவிட்டால் கொடுக்க வசம்பும் பூண்டும் ஓமமும் தனி மூட்டையாகக் கட்டினேன். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்ற சொல் என் வாயில் வரக்கூடாது, அதுதான் எனக்கு முக்கியம்.

புறப்படுகிற அன்று கூட்டத்துப் பெரியவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“ஏனுங்க, ஊட்டையே பேத்து வண்டியில ஏத்திப்போட்டீங்களாட்ட இருக்குது.”

“ஆட்டுக்கல்ல மட்டும் உட்டுட்டாருங்க,” என்றான் தம்பி. “எங்கண்ணன் கூட வந்தாப் பழனி மலையில ஒருத்தரும் எதையும் கடன் கேக்க வேண்டியதில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

ஏனென்றால் அதற்குச் சற்று முன்னால்தான் நான் அதைச் செய்திருந்தேன். தம்பியின் துணி மூட்டையை இறுக்கிக் கட்டுவதற்காகப் பிரித்தபோது, காவி வேட்டி மடிப்புக்குள் ஒரு காகிதப் பொட்டணம் கிடைத்தது. ஊமத்தை இலை. அவன் மனைவி வைத்திருக்கிறாள். காப்புக் கட்டியவன் பீடி, சுருட்டு, புகையிலை எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் விரதக் கட்டு. இலையானாலும் புகை புகைதானே என்று நினைத்தேன். அதோடு இன்னொன்றும் தோன்றியது. வியாதியைத் தீர்த்துவிடு என்று கேட்கப் போகிறவன் வியாதிக்கு மருந்தையும் கையில் கொண்டு போனால், முருகனை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? யாரிடமும் கேட்கவில்லை. பொட்டணத்தை மாட்டுக் கொட்டகை விட்டத்தில் செருகிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் நன்றாக நடந்தான். பொள்ளாச்சி தாண்டினோம், உடுமலை தாண்டினோம். மூன்றாம் நாள் அமராவதிக் கரையில் தங்கல். மறுநாள் விடியற்காலை, காவடி எடுப்பவர்கள் எல்லோரும் ஆற்றில் முழுகி எழுந்தார்கள். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. தம்பி ஈர வேட்டியோடு வந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

“அண்ணா, எந்துணி மூட்டைல ஒரு பொட்டணம்…”

“எந்தப் பொட்டணம்?” என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் புரிந்துகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். கோபப்படவில்லை. வண்டியில் தொங்கிய மூட்டையைக் கையால் காட்டினான். மூச்சுக்கு நடுவே, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“மாட்டுக்கு… மருந்து… வெச்சிருக்கீங்களே.”

சிரிக்கத்தான் பார்த்தான்.

நான் கரையோரம் ஓடினேன். வேலியோரம் ஊமத்தைச் செடி இருந்தது, பச்சையாக, பனி சொட்டச் சொட்ட. பறித்து வந்து அடுப்புத் தணலில் வாட்டினேன். கருகியதே தவிரப் பற்றவில்லை. ஓமத்தைக் கசக்கி மூக்கில் காட்டினோம், சுக்குத் தண்ணீர் வைத்தோம், மாட்டைப் பூட்டி டாக்டரைத் தேடி உடுமலைப் பக்கம் வண்டியைத் திருப்பினோம். வெயில் ஏறுமுன் வண்டியிலேயே அவன் மூச்சு அடங்கிவிட்டது. நான் கொண்டுவந்த வைக்கோலில்தான் படுத்திருந்தான்.

உடலோடு ஊர் திரும்பினோம். காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒருநாள் அவன் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மாமா, நான் வெச்ச பொட்டணத்தப் பத்தவெச்சுக் குடுத்தீங்களா?”

“குடுத்தேன்” என்றேன்.

“அப்ப அதுக்கும் கேக்கலீங்களா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கடைசிவரை அப்படியே நம்பிக்கொண்டிருந்தாள். விட்டத்தில் இருந்த பொட்டணத்தை நான் எடுத்து எருக்குழியில் புதைத்தேன். இலை நொறுங்காமல், நல்ல பதமாகக் காய்ந்திருந்தது.

ஊரில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. காவடியோடு ஆற்றங்கரையில் உயிர் போவது யாருக்குக் கிடைக்கும், முருகன் தன் காலடிக்கே அழைத்துக்கொண்டான் என்றார்கள். அவனுக்கு மயில் கண்ணில் தெரிந்ததாகக்கூட ஒருவர் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு வசதியாக இருந்தது.

அந்த இலை இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. கேட்டபோது கொடுத்திருக்கலாம், அது தெரியும். முருகன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்றும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் வாயில் தண்ணீர் ஊற்றுகிறேன். பொட்டணத்தை எடுக்கச் சொன்னது அவன் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் பூசத்துக்குப் புறப்படுகிற நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது மயிலைச் சேர்க்க வேண்டாம். புண்ணியச் சாவு என்றும் சொல்ல வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். தம்பி மருந்து கேட்டான், அண்ணன் அதை மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்திருந்தான். இப்படியே சொல்லுங்கள்.